பத்து நாள் வேஷம்

மக்களே, தசரான்னா எங்களுக்குக் குலசைதான். முத்தாரம்மனுக்கு மாலை போட்டு, கொடியேறினதும் காப்பு கட்டி, காளி, குறத்தி, குரங்கு, போலீஸ்னு ஆளாளுக்கு ஒரு வேஷம். வீடு வீடா தர்மம் எடுத்து, அதைக் கொண்டுபோய்க் கோயில் உண்டியல்ல போடணும். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில மகிஷாசுர சம்ஹாரம். மறுநாள் காப்பு அவுத்தா, சேலை கட்டினவர் திரும்ப வேட்டிக்கு வந்துருவார். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க.

எங்க தெருவுல என் கூடப் படிச்சவன் ஒருத்தன். குறத்தி கட்டினான்னா சனம் நின்னு பாக்கும். காப்பு அவுத்த பிறகும் அவனுக்கு அந்த நடை போகலை. (அது வேஷமே இல்லைன்னு எங்களுக்கு அப்போ வெளங்கலை.) 1996-ல, 16 வயசுல, வீட்டுல முதல்ல கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போனாங்க. வேப்பிலை அடி. சரியாகலைன்னதும் ஒரு ஜெபவீடு. நாற்பது நாள். திரும்பி வந்தவன் கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கிட்டு, காலை அகட்டி வச்சு நடந்தான். வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். எங்கிட்ட மட்டும் சொன்னான்: "எலே, மாறிட்டேன்னு சாட்சி சொன்னாத்தான் விடுவாவன்னு தெரிஞ்சுது. சொன்னேன், விட்டுட்டாவ."

இது நம்ம பட்டிக்காட்டு சமாச்சாரம்னு ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். இல்லை. அமெரிக்காவுல மெம்பிஸ் நகரத்துல 'லவ் இன் ஆக்‌ஷன்'னு ஒரு கிறிஸ்தவ அமைப்பு, சின்னப் பசங்களுக்குன்னே 'ரெஃப்யூஜ்'னு ஒண்ணு நடத்துச்சு. 2005-ல 16 வயசுப் பையன் ஒருத்தனைப் பெத்தவங்களே சேர்த்துவிட, விஷயம் வெளிய வந்து வாசல்ல போராட்டம். உடுப்புக்கு விதி, பாட்டுக்கு விதி. பாக், பீத்தோவன்கூட கேக்கக் கூடாதாம்! (பீத்தோவன் என்ன பாவம் பண்ணினாரோ.) 2007-ல அதை மூடினாங்க. நடத்தின ஜான் ஸ்மிட், அப்படி மாறின ஓர் ஆணைக்கூட தான் பார்த்ததில்லைன்னு பின்னாடி எழுதினார். 2014-ல அவரே ஓர் ஆணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார்.

நம்ம பக்கம் 2021 ஜூன் 7 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குப் பயந்து மதுரையில இருந்து சென்னைக்கு வந்த ரெண்டு பெண்களோட வழக்குல, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த 'குணப்படுத்தும்' வைத்தியத்துக்குத் தடை போட்டார். தனக்கே புரிதல் போதலைன்னு உளவியலாளர்கிட்ட உக்காந்து கேட்டுக்கிட்டு அப்புறம் எழுதின தீர்ப்பு. 2022-ல தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம்னு அறிவிச்சுது. சரி, டாக்டருக்குப் பயம் வரும். கோடாங்கிக்கும் ஜெபவீட்டுக்கும் எந்த ஆணையம்?

போன தசராவுக்கு அவனைப் பார்த்தேன். தலை நரைச்சாச்சு, அதே குறத்தி. மறுநாள் எல்லாரும் காப்பு அவுத்துட்டுக் கிளம்புறாங்க, அவன் மட்டும் டீக்கடை பெஞ்சுல வளையலோட உக்காந்திருந்தான்.