பலர் கட்டும் பக்கம் வெல்லும் பக்கமா?

றொசல்ல புகையிரத நிலையத்தில் ஹட்டன் செல்லக் காத்திருக்கும் இளைஞனின் கையடக்கத் தொலைபேசிக்கு இன்று அமெரிக்கக் கூடைப்பந்தாட்டமும் வந்து சேர்கின்றது. ஆட்டத்தை ரசிப்பதில் தவறேதும் இல்லை. ஆனால் அதனுடன் பந்தய விளம்பரமும், 'நூற்றுக்கு எண்பது பேர் இந்த அணிக்கே பணம் கட்டியுள்ளனர்' என்ற கணக்கும் சேர்ந்தே வருகின்றன. இங்கிலாந்துக் குதிரைப் பந்தயங்களுக்கு 'புக்கி'யில் பணம் கட்டும் பழக்கம் நமது நகரங்களுக்குப் புதியதன்று. அங்கும் பலர் கட்டும் குதிரையைத் தேடிச் செல்வோர் உண்டு. ஆகவே இக்கணக்கின் உட்பொருளை நாம் விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

முதலாவது, ஆட்களின் தொகை வேறு, பணத்தின் தொகை வேறு. எட்டுப் பேர் தலா 500 ரூபா வீதம் பிரபலமான அணிக்கும், இருவர் தலா 8,000 ரூபா வீதம் எதிரணிக்கும் கட்டுவதாகக் கொள்வோம். ஆட்களில் 80 வீதத்தினர் பிரபல அணியின் பக்கம். பணத்திலோ 80 வீதம் எதிரணியின் பக்கம். விளம்பரம் தனக்கு வாய்ப்பானதை மட்டுமே காட்டும்.

இரண்டாவது, கூடைப்பந்தாட்டப் பந்தயத்தில் வலிய அணி வென்றால் மட்டும் போதாது. ஆறு புள்ளிகளுக்கு மேலான வித்தியாசத்தில் வெல்ல வேண்டும் என்பது போன்ற நிபந்தனை விதிக்கப்படும். பணம் ஒரு பக்கம் குவியுமிடத்து, பந்தயம் நடத்துவோர் அந்த வித்தியாசத்தை மாற்றியமைப்பர். பலரும் அறிந்த செய்தி நாம் கட்டுவதற்கு முன்னரே நிபந்தனையினுள் அடங்கிவிடுகின்றது.

மூன்றாவது, நடத்துவோரின் பங்கு. வழக்கமான முறையில் 1,000 ரூபாவை வெல்வதற்கு 1,100 ரூபா கட்ட வேண்டும். நூறு பந்தயங்களில் 52 இல் வென்றவர் 52,000 ரூபா பெறுவார். தோற்ற 48 இல் 52,800 ரூபா இழப்பார். பாதிக்கு மேல் வென்றும் அவருக்கு 800 ரூபா நட்டமே.

இவற்றுக்கு அப்பால், திரைக்குப் பின்னால் நடப்பதைப் பொதுமக்கள் அறிவதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்த 1992 ஆம் ஆண்டின் சட்டத்தை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2018 இல் செல்லுபடியற்றதாக்கியது. அதன் பின் பல மாநிலங்களில் பந்தயம் பெருகியது. டொரொன்டோ அணி வீரர் ஜொன்டே போர்ட்டர், தமது உடல்நிலை பற்றிய தகவலைப் பந்தயக்காரருக்கு வழங்கியமைக்காகவும் ஆட்டத்திலிருந்து வேண்டுமென்றே விலகியமைக்காகவும் 2024 ஏப்ரலில் என்.பி.ஏ. அமைப்பினால் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டார். அவரது ஆட்டத்தை நம்பிப் பணம் கட்டியோருக்கு எந்த வீதக் கணக்கும் உதவியிராது.

இலங்கையில் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையை அமைப்பதற்கான சட்டம் 2025 இல் நிறைவேறியது. சட்டம் தொழிலை ஒழுங்குபடுத்தலாம். வீட்டு அடுப்பைக் காக்கும் பொறுப்பு நம்முடையதே. சூதைத் தனி அதிகாரத்தில் கண்டிக்கின்றது திருக்குறள். மதுவுடன் சேர்த்து விலக்குகின்றது திருக்குர்ஆன். இந்த அறநெறியுடன் மேற்சொன்ன கணக்கையும் பெற்றோரும் ஆசிரியர்களும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,750 ரூபாவாக உயர்த்த 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. அந்த 400 ரூபாவிற்காக நம்மவர் குரல் கொடுத்த காலம் நீண்டது. அது யாரோ ஆடும் ஆட்டத்தில் ஓரிரவில் கரைந்து போகலாகாது.