தமிழ்நாட்டில் வறுமை, பசி, வீடின்மை: மாநில அரசின் அணுகுமுறைகள்

தமிழ்நாட்டில் வறுமைக்கு எதிரான அரசு நடவடிக்கைகள் சோற்றிலிருந்து தொடங்கின. பள்ளிச் சாப்பாடு, ரேஷன் அரிசி, மலிவு விலை உணவகம் ஆகியவற்றில் ‘யார் ஏழை’ என்று சலித்தெடுக்கும் வேலையை அரசு பெரும்பாலும் தவிர்த்தது. வரிசையில் நின்றவருக்குக் கொடுத்தது. வீட்டு வசதியில் அந்தத் தாராளம் இல்லை. உணவுக்குத் தேவை அரிசியும் அடுப்பும். வீட்டுக்குத் தேவை நிலம். நகரத்து நிலத்துக்கு எப்போதும் வேறு கேட்பாளர்கள் இருந்தார்கள்.

பள்ளியில் உணவு தரும் வழக்கம் 1920இல் சென்னை மாநகராட்சியில் பிறந்தது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பொறுப்பில் இருந்த மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு நாளுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டு மதிய உணவு தரத் தீர்மானித்தது. மேலும் சில பள்ளிகளுக்குப் பரவிய இத்திட்டம், தொடக்கக் கல்விக்கான பணத்தில் சாப்பாடு போடக் கூடாது என்ற ஆங்கில அரசின் ஆட்சேபத்தால் 1925இல் நின்றது. காமராசர் ஆட்சியில் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் மாநிலம் தழுவியது. அப்போது கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று ஆதரவு திரட்டினார். ஊர்க்காரர்களின் நெல்லும் பணமும் அரசின் பங்கோடு சேர்ந்து இத்திட்டத்தைத் தாங்கின. நன்கொடையை நம்பியதால் தரமும் அளவும் ஊருக்கு ஊர் வேறுபட்டன.

எம்.ஜி. இராமச்சந்திரன் 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம் அந்த நிலையை மாற்றியது. செலவை அரசே ஏற்றது. மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று ஆள் நியமித்தது. கணவரை இழந்தோரும் ஆதரவற்ற பெண்களும் இவ்வேலைகளில் முன்னுரிமை பெற்றதால், சோறு போட்ட திட்டமே கிராமங்களில் பெண்களுக்கு மாதச் சம்பளமும் தந்தது. அந்தச் சம்பளம் போதாது என்பதும், காலமுறை ஊதியமும் ஓய்வூதியமும் வேண்டும் என்பதும் சத்துணவு ஊழியர்களின் நெடுநாள் கோரிக்கைகள். முதலில் கிராமப்புறக் குழந்தைகளுக்கு மட்டும் இருந்த திட்டம் அதே ஆண்டு நகரங்களுக்கும், 1984இல் மேல்வகுப்புகளுக்கும் விரிந்தது. 1989இல் மு. கருணாநிதி ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒன்றாக வந்த முட்டை, படிப்படியாக வாரத்துக்கு ஐந்தாக உயர்ந்தது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். ஒரு கட்சி தொடங்கியதை அடுத்த கட்சி நிறுத்தாமல் ஒரு முட்டையைக் கூட்டிப் பெயர் வாங்க முயன்றதே இத்திட்டத்தின் ஆயுளுக்குக் காரணம் எனலாம். சமைத்த மதிய உணவை எல்லா மாநிலங்களும் வழங்க வேண்டும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, தமிழ்நாட்டில் அது ஏறக்குறைய இருபது ஆண்டுப் பழக்கமாகியிருந்தது.

மதிய உணவு காலைப் பசியைத் தீர்க்கவில்லை. விடியலில் கூலி வேலைக்குக் கிளம்பும் வீடுகளில் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வந்தார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடந்தது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் சென்றது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொரு பதார்த்தம், கூடவே காய்கறிச் சாம்பார். கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுவினர் பள்ளியிலேயே சமைக்கிறார்கள்.

பள்ளிக்கு வெளியே பசியைத் தாங்கிப் பிடித்தது ரேஷன் கடை. 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்குப் படி அரிசி என்று வாக்குறுதி அளித்ததிலிருந்து அரிசி விலை மாநிலத்தின் முதன்மை அரசியல் கேள்வியானது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவாயிற்று. கடைகளைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று குடும்பங்களைப் பிரித்தபோது தமிழ்நாடு அந்தக் கோட்டைக் கடைக்குள் விடவில்லை. மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்டோரின் அட்டையில் ‘எச்’ முத்திரையிட்டு அரிசியை நிறுத்தும் முயற்சி ஜெ. ஜெயலலிதா ஆட்சியில் நடந்தது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின் அந்த அரசே அதைத் திரும்பப் பெற்றது. பிறகு யாரும் அப்பக்கம் போகவில்லை. 2008இல் கிலோ ஒரு ரூபாயான அரிசி 2011 ஜூன் முதல் இலவசமானது. 2007 முதல் துவரம் பருப்பும் பாமாயிலும் குறைந்த விலையில் கிடைக்கின்றன.

வசதியுள்ளவருக்கும் அரிசியா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. வசதியுள்ளோர் பலர் வரிசையில் நிற்பதில்லை. சர்க்கரை மட்டும் கூடுதலாகப் பெறும் அட்டைக்கு மாறிக்கொள்ளவும் வழியுண்டு. ரேஷன் அரிசி எல்லை தாண்டிக் கடத்தப்படுவதும், தீவனமாவதும் உண்மையே. ஆனால் ஏழைகளை மட்டும் தேர்ந்தெடுத்த மாநிலங்களில் உண்மையான ஏழைகளே பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். தமிழ்நாடு கசிவை ஏற்றுக்கொண்டு விடுபடலைத் தவிர்த்தது.

2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் சமைக்க இடமில்லாதவரையும் எட்டியது. ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம். அட்டையோ முகவரியோ கேட்பதில்லை. சுமை தூக்குவோர், மருத்துவமனைக்கு வந்த வெளியூர்க்காரர்கள், நடைபாதைவாசிகள் ஒரே மேடையில் நின்று சாப்பிட்டார்கள். ஆட்சி மாறியபின் இதன் மீதான அக்கறை குறைந்தாலும் திட்டம் மூடப்படவில்லை.

பணமாகத் தரும் உதவி பின்னால் வளர்ந்தது. முதியோர் உதவித்தொகை 1962இல் தொடங்கியது. 2011இல் மாதம் 1,000 ரூபாயாகவும் 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் செலுத்துகிறது. அரிசியைப் போலன்றி இதில் சலித்தெடுப்பு உண்டு: ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய், நன்செய் ஐந்து ஏக்கர், மின்சாரம் 3,600 யூனிட் என்று வரம்புகள் வைக்கப்பட்டன.

வீட்டு வசதியில் தொடக்கம் நம்பிக்கையூட்டுவதாகவே இருந்தது. 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971இல் குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவது அன்றைய நோக்கம். மெரினா கடற்கரைக்கு எதிரிலேயே அப்படிக் குடியிருப்புகள் எழுந்தன. சட்டப்படி அறிவிக்கப்பட்ட பகுதிக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் சென்னையில் 1985க்குப் பிறகு புதிதாக எந்தப் பகுதியும் அறிவிக்கப்படவில்லை. 2000 முதல் போக்கு அடியோடு மாறியது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கு விளிம்புக்கு அனுப்பப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பின் கல்வியாண்டின் நடுவிலேயே இது நடந்தது. கூரை ஒழுகாத வீடு கிடைத்தது. வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்குப் பேருந்துக் கட்டணமும் பயண நேரமும் கட்டுப்படியாகாமல் வேலை போனது. பிள்ளைகளின் படிப்பு நின்றது. வறுமை ஒழிப்புத் திட்டமொன்று வருமானத்தைக் குறைத்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாற்றப்பட்டது.

கிராமங்களில் குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு என்ற திட்டங்கள் ஆட்சிதோறும் பெயர் மாறி வந்தன. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011இல் சூரிய சக்தி பசுமை வீடு, 2024இல் கலைஞர் கனவு இல்லம். கடைசித் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தரப்படுகிறது. பட்டா உள்ள மனை வேண்டும் என்பதால், புறம்போக்கில் குடியிருப்போர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

வீடே இல்லாதோர் மிகப் பிந்திக் கவனிக்கப்பட்டார்கள். 1945ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டப்படி அவர்கள் பிடித்து அடைக்கப்பட வேண்டியவர்களாகவே நெடுங்காலம் கருதப்பட்டார்கள். நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஓர் இரவுக் காப்பகம் வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய பிறகு, சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களைக் கொண்டு காப்பகங்கள் நடத்தத் தொடங்கியது. பெண்கள், முதியோர், சிறார், மனநலம் குன்றியோர் என்று தனித்தனி இடங்கள். அரசு மருத்துவமனை அருகே நோயாளிகளின் உறவினருக்கும் இடம் உண்டு. தனியாளுக்கு இவை உதவுகின்றன. பாரிமுனை போன்ற பகுதிகளின் நடைபாதையில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்களுக்குப் பொருந்துவதில்லை: கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம் என்று பிரிய அவர்கள் விரும்புவதில்லை, தட்டுமுட்டுச் சாமான்களை வைக்கவும் இடமில்லை.

எல்லோருக்கும் பொதுவான ரேஷன் அட்டைகூட இவர்களிடம் தடுமாறுகிறது. அட்டைக்கு முகவரிச் சான்றும் தனிச் சமையலறையும் தேவை; அதிகாரி நேரில் வந்து அடுப்பைப் பார்த்துச் சரிபார்ப்பார். நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி தமிழ்நாட்டில் பல்பரிமாண வறுமையில் இருப்போர் 2.2 விழுக்காடு. அக்கணக்கு 2019–21இல் வீடு வீடாக எடுத்த ஆய்விலிருந்து வந்தது. நடைபாதையில் உறங்குவோர் அதில் சேரவில்லை.