ரசீது கொடுக்காத டெய்லர்: கால்பேக்கின் கதை

இன்னைக்கு எபிசோடை என்னோட ஒரு தப்புல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் வேலையில சேர்ந்து சில மாசம்தான் ஆகியிருந்துச்சு. ராத்திரி ஓடுற ஒரு ஸ்க்ரிப்ட் என் பொறுப்பு. அன்னைக்கு வந்த ஆர்டரை எல்லாம் டேட்டாபேஸ்ல இருந்து எடுத்து இன்னொரு சர்வருக்கு அனுப்பணும், அவ்வளவுதான். நோட் ஜேஎஸ்ல எழுதினேன், டெஸ்ட்ல நல்லா ஓடுச்சு. ஒருநாள் அக்கவுண்ட்ஸ்ல இருந்து ஒரு அக்கா வந்து, "தம்பி, ஒன்பது நாளா ஒரு ஆர்டர் கூட வரலையே, வியாபாரமே இல்லையா?"ன்னு கேட்டாங்க. லாகைத் திறந்து பார்த்தா ஒரு எரர் கூட இல்ல. உண்மையில எரர் தினமும் வந்திருக்கு. கால்பேக்கோட முதல் ஆர்கியுமென்டா என் கைக்கே வந்திருக்கு. நான்தான் அதைப் பார்க்கவே இல்ல.

பார்க்காதது என் தப்புதான். ஆனா ஒருத்தன் பார்க்க மறந்தா சின்ன சத்தம் கூட வராத மாதிரி அந்த இன்டர்ஃபேஸ் ஏன் இருந்துச்சு? அந்தக் கேள்விக்கான வரலாறுதான் இன்னைக்கு.

முதல்ல, கால்பேக்னா என்ன? டெய்லர் கடையில துணி கொடுக்குறீங்க. தைச்சு முடியுற வரைக்கும் கடை வாசல்லயே நிக்கலாம். இல்லைன்னா போன் நம்பரைக் கொடுத்துட்டு, "ரெடியானதும் கூப்பிடுங்கண்ணே"ன்னு சொல்லிட்டு வேற வேலையைப் பார்க்கப் போகலாம். நிக்கிறது பிளாக்கிங். நம்பர் கொடுத்துட்டுப் போறது கால்பேக்.

நெட்வொர்க் ப்ரோக்ராமிங்ல ரொம்ப காலம் வாசல்ல நின்னுதான் வேலை பார்த்தாங்க. ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஒரு ப்ராசஸ், இல்லைன்னா ஒரு திரெட். 1983-ல பெர்க்லியில இருந்து வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ்ல செலக்ட்னு ஒரு சிஸ்டம் கால் இருந்துச்சு. ஒரே ப்ராசஸ் பல கனெக்‌ஷனைக் கவனிக்க அது வழி பண்ணுச்சு. ஆனா ஒவ்வொரு தடவையும் முழுப் பட்டியலையும் கெர்னல் கிட்ட கொடுத்து, "இதுல யாருக்கு டேட்டா வந்திருக்கு?"ன்னு கேட்கணும். பத்து பேருன்னா பரவாயில்ல. பத்தாயிரம் பேருன்னா?

அந்தக் கேள்வியைத்தான் 1999-ல டான் கெகல் எழுப்பினார். அதுக்கு அவர் வச்ச பேர் சி10கே. மெஷின் எல்லாம் பெருசாயிடுச்சு. அப்புறம் ஏன் ஒரு சர்வரால ஒரே நேரத்துல 10,000 பேருக்குப் பதில் சொல்ல முடியாதுன்னு கேட்டார். நாமளே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு திரெட்டுக்கு 2 எம்பி ஸ்டாக் ஒதுக்கினா, 10,000 திரெட்டுக்கு 20 ஜிபி. 32-பிட் மெஷின்ல மொத்த அட்ரஸே 4 ஜிபிதான். ஆளுக்கு ஒரு திரெட்ங்கிற வழி அங்கேயே முடிஞ்சு போச்சு.

பதில் கெர்னல்ல இருந்து வந்துச்சு. 2000-ல ஃப்ரீபிஎஸ்டியில கேக்யூ, 2002-ல லினக்ஸ் டெவலப்மென்ட் கெர்னல்ல ஈபோல். இப்போ பட்டியலைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டாம். ஒரு தடவை பதிவு பண்ணிட்டா, யாருக்கு டேட்டா வந்திருக்கோ அவங்களை மட்டும் கெர்னல் சொல்லும். இதே ஈவென்ட் முறையில இகோர் சிசோயெவ் எழுதின எஞ்சின்எக்ஸ் 2004-ல வெளிய வந்துச்சு. ஆனா இதெல்லாம் சி மொழி தெரிஞ்சவங்க உலகம். சாதாரண வெப் டெவலப்பர் கைக்கு அது வந்தது 2009 நவம்பர்ல, பெர்லின்ல நடந்த ஜேஎஸ்கான்ஃப் மாநாட்டுல.

அங்க ரையன் டால் நோட் ஜேஎஸை அறிமுகம் பண்ணினார். அவரோட ஸ்லைடுல சில எண்கள் இருந்துச்சு. மெமரியில இருந்து படிக்க 250 சைக்கிள், டிஸ்க்னா 4 கோடியே 10 லட்சம், நெட்வொர்க்னா 24 கோடி. இவ்வளவு நேரம் ப்ரோக்ராமை வாசல்ல நிக்க வைக்கிறது அநியாயம்ங்கிறதுதான் வாதம். ஜாவாஸ்கிரிப்டை எடுத்ததுக்கும் காரணம் இருக்கு. பட்டனை க்ளிக் பண்ணினா இந்த ஃபங்‌ஷனைக் கூப்பிடுன்னு பிரவுசர்ல எழுதிப் பழகின கூட்டம் ஏற்கனவே இருந்துச்சு. அவங்களுக்கு கால்பேக் புதுசே இல்ல.

இங்கதான் கதையில ஒரு திருப்பம். அந்த மாநாட்டுக்கு முன்னாடியே, 2009 ஜூன்ல, டால் நோட்ல ப்ராமிஸ் சேர்த்திருந்தார். 2010 பிப்ரவரியில அதைத் தூக்கிட்டார்.

ப்ராமிஸ்னா என்ன? திரும்ப டெய்லர் கடைக்கே வாங்க. நம்பரை மட்டும் கொடுத்துட்டு வந்தா, உங்க கையில ஒண்ணும் இல்ல. டெய்லர் கூப்பிடலாம், மறக்கலாம், ரெண்டு தடவை கூப்பிடலாம். எல்லாம் அவர் கையில. ஆனா நல்ல டெய்லர் ஒரு ரசீது கொடுப்பார், துணியில இருந்து ஒரு துண்டு வெட்டி அதுல குத்தியிருப்பார். அந்த ரசீது உங்களோடது. தம்பி கிட்ட கொடுத்து வாங்கிட்டு வரச் சொல்லலாம். நாலு ரசீதை ஒண்ணா வச்சு, நாலும் ரெடியானதும் ஒரே நடையில போய் வாங்கலாம். ப்ராமிஸ் அந்த ரசீதுதான். இனிமே வரப்போற ஒரு மதிப்புக்கான சீட்டு. 1988-லயே பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரீராவும் இந்தப் பேர்ல ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதிட்டாங்க.

அப்புறம் ஏன் தூக்கினாங்க? நோட்ல அப்போ இருந்த ப்ராமிஸ் இன்னைக்கு இருக்குற மாதிரி இல்ல. வெற்றிக்கு ஒரு கால்பேக், தோல்விக்கு ஒரு கால்பேக்னு மாட்டி வைக்கிற எளிமையான வடிவம்தான். எது சரியான ப்ராமிஸ்னு அன்னைக்கு யாருக்கும் ஒத்த கருத்து இல்ல. கோர் சின்னதா இருக்கட்டும், கால்பேக் மட்டும் போதும், ப்ராமிஸ் வேணும்ங்கிறவங்க அது மேல லைப்ரரி எழுதிக்கட்டும்ங்கிற வாதம் ஜெயிச்சுது. அன்னைக்கு நான் அங்க இருந்திருந்தாலும் தலையாட்டியிருப்பேன்னு நினைக்கிறேன்.

ஆனா விலை கொடுத்தது நாமதான். கால்பேக்குள்ள கால்பேக், அதுக்குள்ள இன்னொண்ணுன்னு கோடு வலதுபக்கமா சரிஞ்சு போச்சு. அதுக்கு கால்பேக் ஹெல்னு பேரே வந்துச்சு. அதை விடப் பெரிய சிக்கல் எரர். நீங்க போடுற ட்ரை-கேட்ச் இங்க உதவாது. கால்பேக் ஓடும்போது அதை மாட்டின ஃபங்‌ஷன் எப்பவோ முடிஞ்சு போயிருக்கும். அதனால முதல் ஆர்கியுமென்ட்ல எரர்னு ஒரு வழக்கம் வச்சுக்கிட்டாங்க. வழக்கம்தான், கட்டாயம் இல்ல. என் ஒன்பது நாள் அந்த ஓட்டையிலதான் போச்சு.

சரிபண்ண வருஷக்கணக்காச்சு. வெளிய ஆளுக்கொரு ப்ராமிஸ் லைப்ரரி வந்து, 2012-ல ப்ராமிஸஸ் ஏ ப்ளஸ்னு ஒரு பொது வரையறை உருவாச்சு. அதே வருஷம் சி ஷார்ப் 5-ல அசிங்க்-அவெய்ட் வந்துச்சு. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள்ள ப்ராமிஸ் வந்தது 2015-ல, அசிங்க்-அவெய்ட் 2017-ல. அதே 2017-ல நோட் 8, பழைய கால்பேக் ஃபங்‌ஷனை ப்ராமிஸா மாத்துற ப்ராமிசிஃபைங்கிற வசதியைக் கொடுத்துச்சு.

2018-ல டால் திரும்பவும் பெர்லின் மேடை ஏறினார். நோட் பத்தி தான் வருத்தப்படுற பத்து விஷயங்கள்தான் தலைப்பு. முதல் வருத்தமே ப்ராமிஸைத் தூக்கினது. அதை விட்டு வச்சிருந்தா அசிங்க்-அவெய்ட் இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாம்னு சொன்னார். தான் உருவாக்கினது உலகம் முழுக்க ஓடிக்கிட்டு இருக்கும்போது, அதே ஊர் மேடையில நின்னு இதைச் சொல்ல ஒரு நேர்மை வேணும்.

ஆனா ப்ராமிஸ் வந்ததும் எல்லாம் சரியாயிடுச்சுன்னு முடிச்சா அது பொய். ப்ராமிஸ்ல வந்த எரரை யாரும் கவனிக்கலைன்னா அதுவும் அப்போ ப்ரோக்ராமை நிறுத்தலை. ரொம்ப நாள் ஒரு எச்சரிக்கை மட்டும்தான் வந்துச்சு. 2020-ல வந்த நோட் 15-லதான் அந்த மாதிரி எரர் வந்தா ப்ராசஸே நிக்கும்னு டிஃபால்ட்டை மாத்தினாங்க. ரசீது கொடுத்தா மட்டும் பத்தாது, துணி கெட்டுப்போச்சுன்னா கடைக்காரர் சத்தமா சொல்லவும் செய்யணும்.

இன்னைக்கும் நோட்டோட அடியில இருக்குற லிப்யூவி, கால்பேக்லதான் ஓடுது. அது இருக்க வேண்டிய இடம் அதுதான். அந்த அடித்தளத்தை அப்படியே மேல இருக்குறவங்க கையில கொடுத்து "பார்த்துக்கோங்க"ன்னு சொன்னதுதான் பிரச்சனை. அடுத்த தடவை நீங்க ஒரு ஏபிஐ எழுதும்போது, இது எனக்கு எளிமையா இருக்கான்னு மட்டும் கேட்காதீங்க. ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல இதைக் கூப்பிடப்போற ஒரு ஃப்ரெஷர், ஒரு வரியை மறந்தா என்ன ஆகும்னு கேளுங்க. சத்தம் வரும்னா நீங்க நல்ல டெய்லர்.

அந்த அக்கா வந்து கேட்கலைன்னா என் ஸ்க்ரிப்ட் எத்தனை நாள் அப்படியே ஓடியிருக்கும்னு இப்பவும் யோசிப்பேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.