யானைக் கடிகாரமும் குடும்பக் குழுமமும்

கடந்த ஷஃபான் மாதத்தில் எங்கள் குடும்பத்து வாட்ஸப் குழுமத்திற்கு ஒரு படம் வந்து சேர்ந்தது. வளைகுடாவில் பணிபுரியும் காக்கா ஒருவர் அனுப்பியிருந்தார். பொன்னிறம் மின்னும் யானை, அதன் முதுகில் மாடம், மாடத்தின் நெற்றியில் வட்டமான கடிகார முகம், சுற்றிலும் தலைப்பாகை அணிந்த அறிஞர் கூட்டம். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அல்ஜஸரீ என்னும் முஸ்லிம் அறிஞர் செய்த கடிகாரம் இது, அருங்காட்சியகம் ஒன்றில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அடியில் எழுதியிருந்தது. நாங்கள் அனைவரும் 'மாஷா அல்லாஹ்' எழுதினோம். அடுத்த அரை மணி நேரத்திற்குள் அது வேறு நான்கு குழுமங்களுக்குச் சென்றுவிட்டது. அவற்றுள் இரண்டிற்கு அனுப்பியது நாங்களே.

எட்டாம் வகுப்பில் பயிலும் எங்கள் பேத்தி அப்படத்தைப் பெரிதாக அச்சிட்டு, பள்ளிக் கண்காட்சிக்கு எடுத்துச் சென்றாள். பார்வையிட வந்த முதியவர் ஒருவர் நெடுநேரம் படத்தை உற்றுநோக்கிவிட்டு, "இதில் தண்ணீர் எங்கே இருக்கிறது மகளே?" என்று மட்டும் கேட்டாராம். அவளுக்கு விடை தெரியவில்லை. வீட்டிற்கு வந்து எங்களிடம் கேட்டாள். எங்களுக்கும் தெரியவில்லை. அன்றிரவு தேடத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

அந்தப் படம் செயற்கை நுண்ணறிவு வரைந்தது. கடிகார முகத்தில் ரோமானிய எண்கள் இருந்ததை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. கவனித்துப் பார்த்தால், அந்த எண்களும் வரிசையாக இல்லை. அறிஞர் ஒருவரின் கையில் ஆறு விரல்கள்.

ஆனால் அல்ஜஸரீ பொய்யல்லர். டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளின் மேற்பகுதியை அரபியர் 'அல்ஜஸீரா' என்று அழைத்தனர். அந்நிலத்தைச் சேர்ந்தவராதலால் அவருக்கு அப்பெயர். இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் பகுதியை ஆண்ட அர்துக்கீய மன்னர்களிடம் கால் நூற்றாண்டுக்கு மேல் பணியாற்றியவர். நாஸிருத்தீன் மஹ்மூத் என்ற மன்னர் கேட்டுக்கொண்டதன் பேரில், தாம் செய்த பொறிகளைப் பற்றிய நூலை ஹிஜ்ரி 602, அதாவது கி.பி. 1206ஆம் ஆண்டில் எழுதி முடித்தார். அதில் ஐம்பது பொறிகள் உள்ளன: கடிகாரங்கள், கைகழுவத் தண்ணீர் வார்க்கும் பாவைகள், ஊற்றுகள், நீர் இறைக்கும் எந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் அளவு, பொருள், செய்முறை, படம். வேறொரு கைவினைஞன் படித்துவிட்டு அதைச் செய்யக்கூடிய வகையில் எழுதப்பட்ட நூல் அது.

அவர் செய்த யானைக் கடிகாரம் இன்று எங்கும் இல்லை. இருப்பவை நூலின் கைப்பிரதிகளும் அவற்றிலுள்ள படங்களும்தாம். 1315ஆம் ஆண்டுப் பிரதி ஒன்றிலிருந்து பிரிந்த யானைக் கடிகார ஏடு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. துபாயின் இப்னு பதூதா வணிக வளாகத்தில் நிற்கும் பெரிய யானை, நூலைப் பின்பற்றி நம் காலத்தில் செய்யப்பட்டது. படத்தை அனுப்பிய காக்கா அவ்வளாகத்திற்குப் பலமுறை சென்றவர் என்பது பின்னர் தெரியவந்தது!

பேத்தியைக் கேட்ட கேள்விக்கு வருவோம். தண்ணீர் யானையின் வயிற்றுக்குள் இருக்கிறது. அங்கே ஒரு தொட்டி. தொட்டி நீரில் அடியில் சிறு துளையுள்ள கிண்ணம் ஒன்று மிதக்கிறது. துளை வழியே நீர் மெல்ல ஏறி, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் கிண்ணம் மூழ்குகிறது. மூழ்கும்போது அதனுடன் கட்டிய கயிற்றை இழுக்கிறது. மேலே மாடத்திலிருந்து ஓர் உலோக உருண்டை விடுபடுகிறது. உச்சியிலுள்ள பறவை சுழல்கிறது. உருண்டை பருந்தின் அலகிலிருந்து பாம்பின் வாயில் விழுகிறது. எடை தாளாமல் பாம்பு கீழே சாய்ந்து, உருண்டையைக் கலத்தில் போடுகிறது. பாகன் தன் கையிலுள்ளதை ஓங்கி அடிக்கிறான். சாயும் பாம்பே மூழ்கிய கிண்ணத்தைக் கயிற்றால் மேலே இழுத்து நீரைக் கவிழ்த்துவிடுகிறது. உருண்டையை இறக்கியபின் பாம்பு தன் நிலைக்குத் திரும்ப, வெறுங்கிண்ணம் மறுபடி மிதக்கிறது. கடிகாரம் தன்னைத்தானே அடுத்த அரை மணிக்கு ஆயத்தப்படுத்திக்கொள்கிறது. இடைப்பட்ட நேரத்தை, யானையின் மீது அமர்ந்திருக்கும் எழுத்தர் பாவை தன் எழுதுகோலால் சுட்டிக்கொண்டே திரும்புகிறது.

இதைப் படித்து முடித்தபோது எங்களுக்கு உண்டான வியப்பு, அந்தப் பொன் யானையைப் பார்த்தபோது உண்டாகவில்லை. பொய்ப் படத்தில் பாம்புகளே இல்லை. பாம்பு இல்லையேல் கிண்ணம் மேலே வராது, அரை மணியோடு கடிகாரம் நின்றுவிடும். எந்திரம் வரைந்த யானை அழகான பொம்மை. அல்ஜஸரீயின் யானை வேலை செய்யும்.

இன்னொன்றும் உண்டு. துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு அது மூழ்கும் நேரத்தைக் காலக்கணக்காகக் கொள்வது தமிழருக்குப் புதிதன்று. அதுதான் நாழிகை வட்டில். ஒரு நாளைக்கு அறுபது நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். இம்முறை இந்திய நிலத்தில் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அதை யானை வடிவத்தோடு இணைத்து வைத்திருக்கிறார் அல்ஜஸரீ. பல நாட்டு அறிவையும் ஒரு பொறிக்குள் கூட்டிய படைப்பு இது என ஆய்வாளர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வகைப் பொய்ப் படங்கள் செயற்கை நுண்ணறிவோடு தொடங்கியவை அல்ல. பழைய ஏடு போன்ற தாளில், முஸ்லிம் வானியலார் தொலைநோக்கியில் விண்ணைப் பார்ப்பதாகத் தீட்டி, சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் வழக்கம் முன்பே இருந்தது. தகியுத்தீன் என்ற அறிஞருக்காக உஸ்மானிய சுல்தான் மூன்றாம் முராத் 1577இல் இஸ்தான்புல்லில் வானாய்வு நிலையம் அமைத்தார். 1580இல் அது இடிக்கப்பட்டது. அந்நிலையத்தைக் காட்டும் உண்மையான ஓவியம் ஒன்று அக்காலத்து அரச நூலில் இருக்கிறது. அஸ்தர்லாப், மணற்கடிகாரம், பூகோள உருண்டை, அளவுகோல்கள் எல்லாம் அதில் உண்டு. தொலைநோக்கி இல்லை. ஐரோப்பாவில் தொலைநோக்கி வெளிப்பட்டதே 1608இல்தான். அது இல்லாமலேயே நட்சத்திரங்களின் இடத்தை நுணுக்கமாகக் கணித்தார்கள் என்பதுதான் அவர்களின் பெருமை. கையில் தொலைநோக்கியைத் திணிப்பவர் அந்தப் பெருமையைத்தான் பறிக்கிறார்.

நம் ஊர் வரலாற்றுக்கும் இதே கதி நேர்கிறது. எங்கள் மருமகன் சோதனைக்காக, 'தமிழகக் கடற்கரையின் பழைய பள்ளிவாசல்' என்று எழுதி எந்திரத்திடம் படம் கேட்டார். நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் பெரிய கும்மட்டமும் உயர்ந்த மினாராக்களும் வந்தன. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பழைய பள்ளிகளுக்குள் தொழுதவர்களுக்கு அவை எப்படி இருக்கும் என்பது தெரியும். கல் தூண் வரிசை, தட்டையான கல் கூரை, தூணில் பூவும் கொடியும். கோயில் கட்டிய அதே கைவினை மரபு, உருவங்கள் மட்டும் இல்லாமல். இவ்வாறான படங்களையே பார்த்து வளரும் பிள்ளைக்கு, சொந்த ஊரின் பழைய பள்ளி பள்ளிவாசலாகவே தோன்றாமல் போகும் அபாயம் இருக்கிறது. ஸஹாபாக்களின் முகங்களை வரையச் சொல்லிப் பகிர்வோரைப் பற்றி ஆலிம்கள் பேசிவிட்டார்கள். நாம் அதற்குள் செல்லவில்லை.

ஒரு ஹதீஸை ஏற்பதற்கு முன், யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா என்று ஆளாளாக விசாரித்த சமுதாயம் நாம். இஸ்னாது என்ற சொல் நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். படத்திற்கு மட்டும் ஏன் கேட்க மறந்தோம்? எந்த நூல், எந்த ஏடு, எங்கே இருக்கிறது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தால் அந்தப் பொன் யானை எங்கள் வாசலோடு நின்றிருக்கும். படம் நம்மைப் புகழ்ந்தது. அதனால் கேட்கவில்லை.

குழுமத்தில் திருத்தத்தை எழுதுவது எளிதாக இருக்கவில்லை. காக்கா மூத்தவர், அன்போடு அனுப்பியவர். தனியே அழைத்துப் பேசினோம். முதலில் சற்று வருந்தினார். "நல்லதைத்தானே பரப்பினேன்" என்றார். பிறகு மெட்ரோபாலிட்டன் ஏட்டின் படத்தை அனுப்பினோம். அதன் பாம்புகளையும் பாகனையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் தாமே குழுமத்தில் எழுதினார்: முன்பு அனுப்பியது பொய்ப் படம், இதுதான் உண்மையானது என்று. எங்கள் வழியாக மற்ற இரு குழுமங்களுக்குச் சென்றதை நாங்கள் திருத்தினோம். அங்கிருந்து எங்கெங்கு சென்றதோ, அல்லாஹ் அறிவான்.

பேத்தி அடுக்களையிலிருந்து தேங்காய்ச் சிரட்டை ஒன்றை எடுத்து, அடியில் ஆணியால் துளையிட்டு, வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டாள். மூன்றே நிமிடத்தில் மூழ்கியது. துளையை மெழுகால் அடைத்து, ஊசியால் மறுபடி குத்தினாள். பதினொரு நிமிடம். உம்மா அஸருக்குத் தண்ணீர் வேண்டுமென்று வாளியைக் கேட்கும்வரை ஏழெட்டு முறை முயன்றாள். கடைசிச் சிரட்டை 22 நிமிடத்தில் மூழ்கியது. ஒரு நாழிகைக்கு இரண்டு நிமிடம் குறைவு. அதைக் கைப்பேசியில் படமெடுத்து, எங்கே, யார், எப்போது எடுத்தது என்ற விவரத்தோடு குழுமத்தில் போட்டிருக்கிறாள். அந்த முதியவரைக் கண்டுபிடித்து அவருக்கும் காட்ட வேண்டுமாம்.