அமிகாவைக் காப்பாற்றியவர்கள்



உங்களில் பலர் கணினித் துறையில் இருக்கிறீர்கள். லினக்ஸ் உங்களுக்குப் பழகிய பெயர். மற்றவர்களுக்கு ஒரு செய்தி: உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் அதன் கெர்னல்தான். இயங்குதளத்தின் மையப்பகுதியைத்தான் கெர்னல் என்கிறோம். செயலி, நினைவகம், வட்டு எல்லாவற்றையும் நேரடியாகக் கையாள்வது அது. அதனால் ஒரு வகைச் செயலிக்காக உருவாக்கிய கெர்னல் இன்னொரு வகையில் ஓடாது.

1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் முயற்சியை அறிவித்தபோது, இது இன்டெல் 386-க்கு மட்டுமே, வேறு கணினிக்குக் கொண்டுபோக முடியாது என்றே சொன்னார். அவரிடம் இருந்தது அந்த ஒரு கணினிதானே!

ஆனால் வேறு சிலரிடம் அமிகாவும் அடாரியும் இருந்தன. அவற்றில் இருந்தது மோட்டோரோலா 68000 வரிசைச் செயலி. அவர்கள் சும்மா இருக்கவில்லை. கெர்னலைத் தங்கள் செயலிக்கேற்ப மாற்றி எழுதத் தொடங்கினார்கள். அமிகாவைத் தயாரித்த கொமடோர் நிறுவனம் 1994-ல் திவாலானது. அதன்பின்னும் இந்த ஆர்வலர்கள் அந்தக் கணினிகளைக் கைவிடவில்லை.

வேலை லேசானதல்ல. தன் கணினியில் என்னென்ன பாகங்கள் உண்டு என்று பார்த்து, தேவையானவற்றைத் தேர்ந்தெடுத்து, மூலநிரலைத் தொகுக்க வேண்டும். பழைய கணினியில் அது மணிக்கணக்கில் ஓடும். வேகமான வேறொரு கணினியில் தொகுத்து எடுத்துவருவதும் உண்டு. அப்படித் தொகுத்த கெர்னலை ஒரு பொதியாகக் கட்டிவிட்டால் நிறுவுவதும் நீக்குவதும் சுலபம். டெபியன் பயனர்களுக்காக மனோஜ் ஸ்ரீவாஸ்தவா இதற்கென்றே ஒரு கருவி எழுதினார். அது பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது.

1998 ஜூலையில் வந்த டெபியன் 2.0, இன்டெலோடு 68000 வரிசையையும் அதிகாரபூர்வமாக ஏற்றது. ஆனால் கெர்னல் மட்டும் போதுமா? ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகளை அந்த மெதுவான கணினிகளுக்காகத் தொகுத்தாக வேண்டும். ஒருவரால் ஆகாது. ரோமன் ஹோடெக் என்பவர், பல கணினிகள் வேலையைப் பங்கிட்டுத் தானாகவே தொகுக்கும் ஓர் ஏற்பாட்டை உருவாக்கினார். பிறகு டெபியனின் மற்றச் செயலிகளுக்கும் அதுவே வழியானது. மெதுவாக ஓடுபவனுக்காகப் போட்ட பாதையில் வேகமாக ஓடுபவர்களும் வந்தார்கள்!

2007-ல் வந்த டெபியன் 4.0-இல் 68000 வரிசைக்கு இடமில்லை. வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஆர்வலர்கள் விடவில்லை, வெளியே இருந்தபடி தொடர்ந்தார்கள்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். எந்த 386-க்காக லினக்ஸ் பிறந்ததோ, அந்த 386-க்கான ஆதரவை 2012 டிசம்பரில் கெர்னலிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதைத் தாங்கி நிற்பது வீண்சுமை என்று முடிவெடுத்தார்கள். டோர்வால்ட்ஸும் கண்ணீர் விடவில்லை. அமிகாவுக்கான நிரலோ அதன் பிறகும் கெர்னலில் நிலைத்தது. காரணம், அதைப் பேணிவர ஆட்கள் இருந்தார்கள்.

மூத்த பிள்ளை என்ற உரிமை அங்கே செல்லவில்லை, பிள்ளைகளே. பார்த்துக்கொள்ள ஆள் இருந்த பொருள் நிலைத்தது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கணினி ஏதும் கிடந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஒதுக்குங்கள். ஓடினால் எனக்கும் சொல்லுங்கள்.