ஆசான் என்னும் தகுதி

ஐரோப்பியக் கலைக்கூடங்களைப் பற்றிய நூல்களில் ‘ஓல்ட் மாஸ்டர்ஸ்’ என்னும் சொற்றொடரை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். ஏறத்தாழ 1800ஆம் ஆண்டுக்கு முன் வாழ்ந்து புகழ் நாட்டிய ஓவியர்களையும் அவர்தம் படைப்புகளையும் கலையுலகம் இப்பெயரால் குறிக்கின்றது. இதனைக் கேட்டதும் லியொனார்தோ தா வின்சி, ரெம்பிராண்ட் போன்ற மேதைகளே நம் நினைவில் எழுகின்றனர். ஆயினும் ‘மாஸ்டர்’ என்னும் சொல் தொடக்கத்தில் மேதையைக் குறித்ததன்று. முறையாகத் தொழில் கற்றுத் தேர்ந்தவரையே குறித்தது.

அக்காலத்தில் ஓவியம் ஒரு கைத்தொழில். இளம் வயதிலேயே பட்டறையில் சேர்ந்து, வண்ணம் அரைத்து, ஆசானின் படங்களைப் பார்த்து வரைந்து, பல்லாண்டுகள் பயில வேண்டும். பின்னர்க் கைவினைஞர் சங்கம் ஏற்றுக்கொண்டால்தான் ஒருவர் ஆசான் ஆவார். சொந்தப் பட்டறை நடத்தவும், மாணவரைச் சேர்க்கவும், தம் பெயரால் படங்களை விற்கவும் அப்போதே உரிமை கிட்டும்.

நற்செய்தியாளர் புனித லூக்கா அன்னை மரியாவின் உருவத்தைத் தீட்டினார் என்பது பழைய மரபு. எனவே ஓவியர்கள் அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டனர். அவர்தம் சங்கங்கள் பலவும் அவர் பெயரையே தாங்கின. சீர்திருத்தச் சபை மேலோங்கியிருந்த 17ஆம் நூற்றாண்டு ஹாலந்திலும், ஹார்லெம் நகரச் சங்கம் அப்பெயரை விட்டுவிடவில்லை.

அச்சங்கத்தில் 1633ஆம் ஆண்டளவில் யூடித் லெய்ஸ்டர் என்னும் பெண்மணி ஆசானாக ஏற்கப்பட்டார். 1635இல் தம் மாணவன் ஒருவன் புகழ்பெற்ற ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸின் பட்டறைக்குச் சென்றுவிட்டபோது, அவர் சங்கத்தில் துணிவுடன் முறையிட்டார். அவரது குடும்பப் பெயர் வழிகாட்டும் விண்மீனைக் குறிப்பது. ஆகவே பெயரின் முதலெழுத்துகளோடு ஒரு விண்மீனையும் சேர்த்துக் கையொப்பமிடுவது அவர் வழக்கம்.

1660இல் அவர் மறைந்தபின் அப்பெயரும் மறைந்தது. அவருடைய ஓவியங்கள் சில ஹால்ஸின் படைப்புகளாகவே கருதப்பட்டன. அவற்றுள் ஒன்றை ஹால்ஸின் ஓவியம் என நம்பி வாங்கியோர், அவ்வாறன்று என அறிந்ததும் இலண்டனில் வழக்காடினர். அதே ஓவியம், அதே வண்ணம். பெயர் மாறியதும் மதிப்புக் குறைந்தது! 1893இல் ஹோஃப்ஸ்டேட தெ க்ரோட் என்னும் அறிஞரே அவ்வோவியத்தின் விண்மீன் ஒப்பம் லெய்ஸ்டருடையது எனத் தெளிவாக்கினார்.

இங்கு நாம் சற்று நின்று சிந்திக்கலாம். புகழ் பிறர் தருவது. பிறரே அதை மறக்கவும் கூடும். தகுதியோ உழைப்பால் வருவது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் உலகம் லெய்ஸ்டரை மறந்திருந்தபோதும் அவர் ஆசானாகவே இருந்தார். பெரும் பெயர்களுக்கு முன் வியந்து நிற்கும் நாம், பெயர் தெரியாத ஓர் ஓவியத்தின் முன்னும் அதே மதிப்புடன் நிற்கக் கற்றுக்கொண்டால், அப்பழஞ்சொல்லின் முதற்பொருளை உணர்ந்தவர் ஆவோம்.