மீன் பாடிய இரவுகள்

ஒரு நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஏட்டுச் சுவடியையும் தேடிச் செல்வர். எங்கள் மட்டக்களப்பிலும் அத்தகைய சான்றுகள் உண்டு. 1628ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை இன்றும் வாவிக் கரையிலே நிற்கிறது. அதன் மதிலைத் தொட்டுப் பார்க்கலாம். அகலத்தை அளந்து பார்க்கலாம். ஆனால் அந்த மதிலின் அடியிலே கிடக்கும் நீரிலிருந்து எழுந்த ஓர் ஒலியும் எங்கள் ஊரின் சரித்திரத்தைச் சேர்ந்ததே. அதனைத் தொடவும் முடியாது, அளக்கவும் முடியாது. காது கொடுத்தவர் கேட்டார்; கேட்டவர் பிறருக்குச் சொன்னார். மட்டக்களப்பை 'மீன் பாடும் தேனாடு' என்று அழைப்பதற்குக் காரணமான அந்த ஒலியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அதனை நான் முதன்முதலாகக் கேட்டது 1977ஆம் ஆண்டில். அப்போது எனக்கு வயது ஏழு. என் அம்மப்பா கல்லடியில் வாழ்ந்தவர். வாவியில் வலை வீசிப் பிழைத்தவர். ஆடி மாதத்துப் பறுவ இரவொன்றில் அவர் என்னைத் தோணியில் ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தை நோக்கிச் சென்றார். மனிங் சீமாட்டியின் பெயரால் 1920களில் அமைந்த அந்த இரும்புப் பாலத்தின் மேல் அந்நேரத்தில் வண்டி வாகனம் எதுவும் இல்லை. பாலத்தின் நிழல் நீரில் கறுப்பாக விழுந்திருந்தது. அம்மப்பா துடுப்பை வலித்தலை நிறுத்தி, அதன் அகன்ற பக்கத்தை நீருக்குள் அமிழ்த்தி, மறுநுனியை என் காதோடு சேர்த்து வைத்தார்.

"மூச்சை அடக்கிக் கேளு மனே" என்றார்.

முதலில் என் நெஞ்சு துடிக்கும் ஒலி மாத்திரமே கேட்டது. சற்று நேரத்தின் பின் மரத்தின் வழியாக ஏதோ ஒன்று வந்தது. அது ஒரு பாட்டன்று. தூரத்திலே பலர் தம்பூராவைச் சுருதி கூட்டுவது போலவும், ஒவ்வொருவரும் வெவ்வேறு தந்தியை மீட்டுவது போலவும் இருந்தது. "யார் பாடுறது?" என்று கேட்டேன். "ஊரி பாடுது எண்டு எங்கட அப்பா சொல்லுவார். மீன் எண்டும் சொல்றாங்க. யார் பாடினா என்ன? நீ கேட்டாய்தானே!" என்றார் அம்மப்பா.

பல ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பழைய ஆங்கில நூலைப் புரட்டியபோது, அம்மப்பாவின் அந்தச் சொல் மீண்டும் என் முன்னே வந்து நின்றது. இலங்கையில் ஆங்கில அரசின் கொலோனியல் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் டெனன்ட், 1848இல் மட்டக்களப்புக்கு வந்தார். வாவியிலிருந்து இசை எழுகின்றது என்று கேள்விப்பட்டு, இரவிலே தோணியில் சென்று தாமே அதனைக் கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது பிறக்கும் மெல்லிய அதிர்வு போன்றது அது என்றும், ஒரே சுரமாக நீளாமல் தனித்தனியான பல நுண்ணிய ஒலிகளாக எழுந்தது என்றும், தோணியின் மரத்திலே காதை வைத்தபோது அது வலுத்தது என்றும் 1859இல் வெளிவந்த தமது நூலில் அவர் எழுதி வைத்தார். மீனவர்கள் ஒருவகைச் சிறு சிப்பியைக் கொண்டுவந்து காட்டி, 'ஊரி குழறுகிறது' என்று சொன்னதையும், தமக்குக் கேட்டபடி ஆங்கில எழுத்திலே பதிந்துள்ளார். அந்த மீனவரின் பெயர் அவர் நூலில் இல்லை. ஆயினும் அவர் வாய்ச்சொல் இருக்கிறது. 1848இல் அந்த மீனவர் சொன்ன சொல்லும் 1977இல் என் அம்மப்பா சொன்ன சொல்லும் ஒன்றே. ஏட்டைத் தொட்டறியாத வாய்களின் வழியாக ஒரு சொல் நூற்றிருபத்தொன்பது ஆண்டுகள் பயணம் செய்திருக்கிறது!

பாடுவது ஊரியா, மீனா என்ற வினாவுக்கு எல்லோரும் ஒப்பும் விடை இன்றளவும் இல்லை. சில இன மீன்கள் தம் உடலினுள்ளே இருக்கும் காற்றுப் பையைத் தசைகளால் அதிரச் செய்து ஒலி எழுப்ப வல்லன என்பது அறிவியல் கண்ட உண்மை. ஆகவே மீன் பாடும் என்பது வெறுங் கற்பனையன்று.

இந்த வாவியின் இசையை எண்ணும்போது சுவாமி விபுலாநந்தரை எண்ணாமல் இருக்க முடியாது. 1892இல் காரைதீவிலே பிறந்த அப்பெரியார், கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 'நீரரமகளிர்' இன்னிசையென வாவியின் ஒலியைச் செய்யுளாக்கினார். அவர் தம் வாழ்நாளிற் பல ஆண்டுகளைச் செலவிட்டு ஆராய்ந்தது யாழ் என்னும் கருவியை. பழந்தமிழர் மீட்டிய யாழின் ஒலியை அவர் காலத்தில் வாழ்ந்த எவரும் கேட்டதில்லை. நூல்களிலே எஞ்சிய குறிப்புகளையும் கணிதத்தையும் துணைகொண்டு, மறைந்துபோன ஓர் ஒலியை அவர் மீட்க முயன்றார். அதன் பயனாகிய யாழ்நூல் 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே சுவாமிகள் மறைந்தார். கேட்கும் செவிகள் அற்றுப்போனால் ஓர் ஒலியை மீட்க ஒரு பேரறிஞரின் ஆயுள் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நேயர்களே, ஓர் ஒலி எவ்வாறு மறைகிறது என்பதை என் தலைமுறை கண்ணாற் கண்டது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு எங்கள் மாவட்டத்தைச் சூறாவளி தாக்கியது. அந்த இரவின் ஒலியும் என் காதை விட்டு அகலவில்லை. தென்னைகள் முறியும் ஓசை வெடியோசை போல ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. கிடுகுக் கூரை பறந்துபோக, அம்மப்பா எங்களைச் சுவரோரத்தில் ஒடுங்கச் செய்து விடியும்வரை தம் உடலால் மறைத்து நின்றார். மறுநாள் அவருடைய தோணி ஒரு தென்னையின் அடியில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதன்பின் அவர் தோணி வாங்கவுமில்லை. என்னை வாவிக்கு அழைத்துச் செல்லவுமில்லை.

தொடர்ந்து வந்தது போர்க்காலம். இரவிலே வெளியில் இறங்குவதே உயிராபத்தாகிய ஆண்டுகள் அவை. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் வழக்குரை படித்த குரலும், குளிர்த்திச் சடங்கில் பெண்கள் எழுப்பிய குரவையும், விடிய விடிய ஆடிய வடமோடிக் கூத்தின் மத்தளமும் பல ஊர்களில் தடைப்பட்டன. வாவியோ ஆளற்றுக் கிடந்தது. இருள் என்றால் அச்சம் என்று கற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கு, இருளிலே காது கொடுத்து ஓர் இசையைக் கேட்கலாம் என்று யார் சொல்வது? 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடிக் கரைகளை அழித்தபோது, வாவியின் கதைகளை அறிந்த முதியோர் பலரும் அதனுடன் போயினர்.

2009இல் போர் முடிந்தது. 2013இல் பழைய இரும்புப் பாலத்தின் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன்மேல் வாகனங்கள் இரவு பகலாக ஓடுகின்றன. நல்லதுதான், நோயாளியும் பாடசாலைப் பிள்ளையும் விரைவாகக் கடக்கலாம். ஆனால் வாவியின் மௌனம் குறைந்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் என் பாடசாலையில் பத்தாம் வகுப்பு மாணாக்கரிடம் 'எங்கள் ஊர்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் 'மீன் பாடும் தேனாடு' என்றே தொடங்கியிருந்தனர். "உங்களுள் மீன் பாடக் கேட்டவர் யார்?" என்று வினவினேன். ஒரு கையும் உயரவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "நீங்கள் கேட்டிருக்கிறீர்களா சேர்?" என்றாள். கேட்டிருக்கிறேன் என்றேன். "அப்படியென்றால் ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?" என்று அவள் திருப்பிக் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. அவர்களுக்கு மட்டுமா? என் சொந்த மகனுக்கே நான் சொன்னதில்லை. முப்பதாண்டு காலம் சரித்திரம் படிப்பித்தேன். ஒல்லாந்தர் கோட்டையின் ஆண்டைப் பிழையின்றி ஒப்புவிக்கச் செய்தேன். அம்மப்பா என் காதில் வைத்ததை மட்டும் எவர் காதிலும் வைக்கவில்லை.

அடுத்த கோடையில், பெற்றோர் சம்மதத்துடன், மாணாக்கர் சிலரையும் என் மகனையும் மீனவர் ஒருவரின் தோணியில் அழைத்துச் சென்றேன். முதல் முறை ஒன்றும் கேட்கவில்லை. கரையில் எங்கோ ஒலிபெருக்கி முழங்கிற்று. அடுத்த பறுவத்தில் மீண்டும் சென்றோம். நள்ளிரவுக்குப் பின் பாலத்தின் மேலே சிறிது நேரம் அமைதி நிலவியது. துடுப்பை நீரில் அமிழ்த்தி, அதன் நுனியை அந்த மாணவியின் காதில் வைத்தேன். அவள் கண்களை மூடினாள். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தாழ்ந்த குரலில், "கேட்கிறது சேர்" என்றாள். என் முறை வந்தபோது எனக்குக் கேட்டது வாவியின் இசைதானா, ஏழு வயதில் கேட்டதன் ஞாபகமா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஆனால் அவளுக்கு ஞாபகம் என்று ஒன்று இல்லை. அவள் கேட்டது வாவியையே.

முன்னொரு காலத்தில் மட்டக்களப்பில் பணியாற்றிய கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் இவ்வொலியைப் பதிவு செய்ய, அதனை இலங்கை வானொலி ஒலிபரப்பியது என்பர். பதிவுகள் வேண்டும், அவற்றைப் பேணவும் வேண்டும். ஆயினும் ஒரு பிள்ளையின் காதிலே துடுப்பின் நுனியை வைக்க ஒரு பெரியவரின் கையும் வேண்டும்.

நேயர்களே, நீங்கள் எந்த ஊரவராயினும், உங்கள் இளமையில் கேட்ட ஓர் ஒலி உங்களிடம் இருக்கும். அது உடுக்காக இருக்கலாம், உலக்கையாக இருக்கலாம், பனையோலையில் மழை விழும் ஓசையாக இருக்கலாம். இன்றிரவு இந்த வானொலிப் பெட்டியை நிறுத்திய பின், உங்கள் வீட்டுப் பிள்ளையை அருகில் இருத்தி அதைப் பற்றிச் சொல்லுங்கள். முடிந்தால், அது இன்னும் கேட்கும் இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.